பம்பாய் வெங்காயமும் நமது புத்தகமும்

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாத நடுவில் ஒருநாட் காலை, கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலுள்ள பலசரக்குக் கடையொன்றில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் என் நெடுநாள் நண்பர். புங்குடுதீவிற் பிறந்து, இளமையிலேயே கொழும்புக்கு வந்து, தராசுக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவர். வழக்கமாக வெங்காயச் சாக்குகள் அடுக்கியிருக்கும் மூலை அன்று பாதி வெறுமையாக இருந்தது. இந்திய அரசாங்கம் அம்மாதம் 8ஆந் திகதி முதல் வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்திருந்தது. தங்கள் நாட்டில் விலை ஏறிவிடுமென்று அஞ்சி அவர்கள் கதவை அடைத்தார்கள். இங்கே ஜம்பட்டா வீதியில் விலை ஏறிற்று. வாங்க வந்த அம்மையார் ஒருவர் ஒரு கிலோ வேண்டுமென்றவர், விலையைக் கேட்டபின் கால் கிலோவுடன் திரும்பிச் சென்றார்.

நம்மவர் அப்பண்டத்துக்கு இட்டு வழங்கும் பெயர் ‘பம்பாய் வெங்காயம்’. பம்பாய் என்ற நகரம் மும்பாய் எனப் பெயர் மாறிப் பல ஆண்டுகள் சென்றுவிட்டன. நம் அடுக்களையில் மட்டும் அது இன்னும் பம்பாய் வெங்காயந்தான். ஒரு பொருள் எங்கிருந்து வருகிறதென்பதை அதன் பெயரிலேயே பொதிந்து வைத்துக்கொண்டு, அவ்வூரார் ஒருநாள் “தரமாட்டோம்” என்றதும் நாம் திகைத்து நிற்கின்றோம்.

அதே வாரத்தில் வெள்ளவத்தையில், கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து வெளியே வரும்போது, உயர்தர வகுப்பு மாணவர் இருவர் என்னை மறித்தனர். விவாதப் போட்டியொன்றுக்குப் பேச்சுத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள் போலும். “சேர், இந்தியாவோடு நாம் செய்துகொண்ட சுதந்திர வர்த்தக உடன்படிக்கை நமக்கு நன்மையா, தீமையா? ஒரு சொல்லிற் கூறுங்கள்” என்றனர். ஒரு சொல்லிற் கூற என்னால் இயலவில்லை. அன்று அவர்களிடம் சொல்லத் தவறியதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகின்றேன்.

முதலில் அவ்வுடன்படிக்கை யாதென்பதை அறிந்துகொள்வது நன்று. ஏனெனில் அதைத் திட்டுவோரிலும் போற்றுவோரிலும் பலர் அதனை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1998ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆந் திகதி, ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவும் இந்தியப் பிரதமர் வாஜ்பாயும் புதுடில்லியில் அதிற் கையொப்பமிட்டனர். 2000ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. ஒருவர் மற்றவர் பொருள்மீது விதிக்கும் சுங்கத் தீர்வையைக் குறைத்துக்கொண்டே சென்று முடிவில் நீக்கிவிடுவதென்பது அதன் சாரம். இந்தியா 1,351 வகைப் பொருள்களுக்கு உடனே தீர்வையை நீக்கிற்று. இலங்கை 319 வகைகளுக்கு மட்டுமே நீக்கினாற் போதுமென்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. எஞ்சியவற்றில் தீர்வையைப் படிப்படியாகக் குறைக்க இந்தியாவுக்கு மூன்று ஆண்டுகள், நமக்கு எட்டு ஆண்டுகள். பெரியவர் கூடுதலாகவும் விரைவாகவும் விட்டுக்கொடுக்க வேண்டும், சிறியவர் மெல்ல நடந்துவரலாம் என்ற இணக்கம் அதில் இருந்தது. இதை மறுப்பதற்கில்லை.

இத்துடன் ஒவ்வொரு நாடும் “இவற்றுக்குச் சலுகை கிடையாது” என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டது. எதிர்மறைப் பட்டியல் என்று அதனை அழைப்பர். இந்தியாவின் பட்டியலில் 429 வகைகள். இலங்கையின் பட்டியலில் 1,180 வகைகள். நம் வேளாண்மை விளைபொருள்களிற் பெரும்பாலானவை இப்பட்டியலுக்குள் பாதுகாப்பாக வைக்கப்பட்டன. ஆகவே ஜம்பட்டா வீதியில் நாம் வாங்கும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் இந்தியாவிலிருந்து வருவது இவ்வுடன்படிக்கையின் சலுகையால் அன்று. அவற்றின்மீது நம் அரசாங்கம் விசேட பண்ட அறவீடு என்ற வரியை விதிக்கிறது; உள்ளூர் அறுவடைக் காலத்தில் அதனை உயர்த்துகிறது, தட்டுப்பாட்டுக் காலத்தில் தாழ்த்துகிறது. காலி வீதியில் ஓடும் இந்திய முச்சக்கர வண்டியைக் காட்டி “இதுதான் உடன்படிக்கையின் விளைவு” என்று மேடையிற் பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். உண்மையில் இந்தியாவிலிருந்து நமக்கு வரும் பொருள்களில் மிகச் சிறிய பகுதியே இச்சலுகையைப் பயன்படுத்துகிறது. நாம் அங்கே அனுப்புவனவற்றிலோ பெரும்பகுதி இச்சலுகையைப் பெற்றே செல்கிறது. வாங்குவதற்கு நமக்கு உடன்படிக்கை தேவைப்படவில்லை. அயலில் மலிவாய்க் கிடைப்பதை எவரும் வாங்கத்தான் செய்வர். விற்பதற்குத்தான் தேவைப்பட்டது.

விற்றோமா? விற்றோம். 2000ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு நாம் செய்த ஏற்றுமதி 6 கோடி டொலருக்கும் குறைவு. இறக்குமதி ஏறத்தாழ 60 கோடி. 2005இல் ஏற்றுமதி ஏறத்தாழ 56 கோடி டொலராக உயர்ந்தது. இறக்குமதி 140 கோடியை எட்டிற்று. பத்துக்கு ஒன்றாயிருந்த விகிதம் ஐந்தே ஆண்டுகளில் இரண்டரைக்கு ஒன்றாயிற்று. இவ்வெண்களைப் பார்த்த எவரும் மகிழாமல் இருந்திருக்க முடியாது. நானும் மகிழ்ந்தேன், வகுப்பறையிற் கரும்பலகையில் எழுதியுங் காட்டினேன்.

பின்னர்தான் அந்த எண்களுக்குள் இருந்த பொருள் யாதென்று பார்க்க நேர்ந்தது. 2005இன் ஏற்றுமதியில் ஏறத்தாழப் பாதி இரண்டே பொருள்கள்: வனஸ்பதியும் செம்பும். இந்நாட்டில் வனஸ்பதி உண்பாரும் குறைவு, செம்பு தோண்டும் சுரங்கமும் இல்லை. இவை எவ்வாறு நம் ஏற்றுமதியாயின? அந்தக் கதை சுவையானது. அக்காலத்தில் மரமுந்திரியையோ மாம்பழத்தையோ அன்றி, பாமெண்ணெயைப் பெருவாரியாக உண்ணும் நாடாக இந்தியா மாறிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வரும் பாமெண்ணெய்க்கு அந்நாடு மிகக் கடுமையான தீர்வை விதித்திருந்தது. இலங்கையிலோ அத்தீர்வை குறைவு. ஆகவே கெட்டிக்கார முதலாளிகள் சிலர், அவர்களிற் பெரும்பாலார் இந்தியரே, இங்கே ஆலை கட்டினர். மலேசியப் பக்கத்துப் பாமெண்ணெயை இங்கே இறக்கி, இறுகச் செய்து வனஸ்பதியாக்கி, ‘இலங்கைப் பொருள்’ என்ற சான்றிதழோடு தீர்வையின்றி இந்தியாவுக்குள் கொண்டுபோயினர். செம்பும் அத்தகையதே, பழஞ்செம்பு வந்திறங்கும், உருக்கப்பட்டு வேறு வடிவாகி இந்தியா செல்லும்.

ஒரு பொருளை இலங்கைப் பொருளென்று கொள்ள, அதன் விலையில் 35 வீதமேனும் இங்கே சேர்க்கப்பட்ட பெறுமதியாய் இருக்கவேண்டும். இந்திய மூலப்பொருள் பத்து வீதம் கலந்திருப்பின் 25 வீதம் போதும். தாளில் அந்தக் கணக்கு நிறைவேறியது. ஆனால் அதனால் எத்தனை இலங்கையர் கைத்தொழில் கற்றனர்? எந்தத் தோட்டம் செழித்தது? இருபக்கத் தீர்வைகளுக்கும் இடையில் இருந்த வேறுபாட்டையே உண்டு வளர்ந்த ஏற்றுமதி அது. இந்திய ஆலைக்காரர் கூக்குரலிட்டனர். 2006இல் ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் தொன்னுக்குமேல் வனஸ்பதி வரக்கூடாதென்று இந்தியா எல்லை வகுத்தது. தீர்வை நிலைகளும் மாறின. இங்கிருந்த ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. 2009இல் நம் ஏற்றுமதி ஏறத்தாழ 32 கோடி டொலருக்கு இறங்கியது. கரும்பலகையில் நான் எழுதிய எண்ணை நானே அழிக்கவேண்டியதாயிற்று.

அதே சூழ்ச்சி மிளகிலும் நிகழ்ந்தது. அங்கே அதன் வேதனை இன்னுங் கூடியது. மாத்தளை, கண்டிப் பகுதிச் சிறு தோட்டக்காரர் வேலியோரத்திற் கிளுவையிலும் முருங்கையிலும் படரவிட்ட மிளகுக்கு இந்தியச் சந்தை ஒரு வரப்பிரசாதமாய் அமைந்தது. இது நம் மண்ணில் விளைந்தது. நம் மக்களின் கைக்குப் பணம் நேரே வந்தது. உடன்படிக்கையின் நன்மை யாதென்று கேட்பாருக்கு நான் முதலிற் காட்டுவது அந்த மிளகுக் கொடியைத்தான். அடுத்துக் கராம்பையும் பாக்கையும். ஆயினும் வியட்நாம் மிளகை இங்கே இறக்கி, சாக்கை மாற்றி, இலங்கை மிளகென்று அனுப்பும் கூட்டம் ஒன்று தோன்றிற்று. 2017 டிசம்பரில் இந்தியா, கிலோவுக்கு 500 ரூபாவுக்குக் குறைந்த விலையில் மிளகு வரலாகாதென்று கட்டளையிட்டது. களவு செய்தவன் வேறு பண்டத்துக்கு மாறிக்கொண்டான். கொடி வளர்த்தவனுக்கு மாற என்ன இருக்கிறது?

தேயிலையின் கதை வேறு மாதிரி. ஆண்டுக்கு 150 இலட்சம் கிலோ தேயிலையைப் பாதித் தீர்வையுடன் இந்தியாவுக்கு அனுப்பலாமென்று உடன்படிக்கை கூறிற்று. ஆனால் அது குறிப்பிட்ட இந்தியத் துறைமுகங்கள் வழியாகவே புகவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. தைத்த ஆடைகளில் 80 இலட்சம் உருப்படிகள் வரலாம். அவற்றில் 60 இலட்சம் இந்தியத் துணியிலேயே தைக்கப்பட்டிருக்க வேண்டும். அவற்றுக்கும் துறைமுகக் கட்டுப்பாடு. வீட்டுக்கு வா என்று அழைத்துவிட்டு, பின்வாசலால் வா, கால் கழுவி வா, உன் செருப்பு எங்கள் கடையில் வாங்கியதாக இருக்கட்டும் என்று கூறுவதற்கு ஒப்பானது இது. பல ஆண்டுகளின்பின் இக்கட்டுகள் தளர்த்தப்பட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குள் வாங்குவோர் வேறிடம் பழகிவிட்டனர். அனுமதிக்கப்பட்ட அளவில் மிகச் சிறு பகுதியையே நாம் அனுப்பினோம்.

ஆகவே ‘சுதந்திரம்’ என்ற அடைமொழியை நான் சற்று ஐயத்துடனேயே பார்க்கின்றேன். தீர்வை என்பது வாசலின் ஒரு தாழ்ப்பாள் மட்டுமே. சான்றிதழ், தரப் பரிசோதனை, துறைமுகம், அலுவலர் மேசையில் உறங்கும் கோவை என்று எத்தனையோ தாழ்கள் உள. இதில் இந்தியாவை மட்டும் குறைகூறுவதும் முறையன்று. தென்னாசிய நாடுகள் அனைத்துஞ் சேர்ந்து 2004இல் கைச்சாத்திட்டு 2006இல் நடைமுறைப்படுத்திய வர்த்தக வலய உடன்படிக்கையும் இத்தகைய தாழ்களாலேயே பெயரளவில் நிற்கிறது. ஐரோப்பியர் 1957இல் உரோமாபுரியிற் செய்துகொண்ட உடன்படிக்கையை நம்மவர் அடிக்கடி உதாரணங் காட்டுவர். அங்கே தீர்வையை நீக்கியதோடு நிற்காது, பொது விதிகளையும் அவற்றைக் காக்க ஒரு நீதிமன்றத்தையும் ஏற்படுத்தினர் என்பதை அவ்வுதாரணங்காட்டுவோர் விட்டுவிடுகின்றனர்.

ஆனால் இவையெல்லாம் எண்கள். கதவைத் திறப்பதும் அடைப்பதும் மனிதரை என்ன செய்யும் என்பதை நான் கற்றது உடன்படிக்கையிலிருந்து அன்று. அதற்கும் முந்திய காலத்திலிருந்து.

வெள்ளவத்தையில் இன்று குடியிருக்கும் இளைஞர் பலருக்கு அங்கே ஒருகாலத்திற் பெரியதொரு நூற்பு நெசவாலை இருந்தது தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ஆலை அது. இந்நாட்டின் தொழிலாளர் இயக்க வரலாற்றில் 1933ஆம் ஆண்டு வெள்ளவத்தை ஆலை வேலைநிறுத்தத்துக்கு ஓர் இடமுண்டு. இளம் வழக்கறிஞராயிருந்த கொல்வின் ஆர். டி சில்வா அதற்குத் தலைமை தாங்கினார். அங்கே வேலைசெய்தோரில் மலையாளிகள் பலர். பொருளாதார நெருக்கடிக் காலத்தில், வேலை பறிபோகிறதென்ற அச்சத்தை அவர்கள்மீது திருப்பிவிட்டோரும் அன்றிருந்தனர். இந்தியத் துணியோடு போட்டியிட்ட ஆலைக்குள், இந்தியத் தொழிலாளிமீது பகை! அயல் நாட்டோடு வர்த்தகம் பற்றிய பேச்சு இந்நகரில் எழும்போதெல்லாம் அந்தப் பழைய அச்சம் புதிய உடை தரித்து வருவதைக் காண்கின்றேன். 2008இல் விரிவான பொருளாதாரப் பங்குடைமை உடன்படிக்கை கையொப்பமாகாமல் நின்றபோதும், 2016க்குப் பின் அதன் மறுபெயர் போன்ற மற்றோர் உடன்படிக்கை பேசப்பட்டபோது மருத்துவர்களும் பிறரும் எதிர்த்தபோதும், வாதங்களிற் சில நியாயமானவை. சில 1930களின் எதிரொலி. அந்த எதிரொலி கேட்கும்போது கொழும்புத் தமிழன் காதை மூடிக்கொள்ள முடியாது. அது யாரை நோக்கித் திரும்பக்கூடும் என்பதை அவன் அறிவான். ஆனால் அதற்காக அவன் நியாயமான வாதத்தையும் கேளாதிருந்துவிடலாகாது.

அந்த ஆலை இன்று இல்லை. காலி வீதியின் இருமருங்கிலும் புடைவைக் கடைகள் ஒளிவீசுகின்றன. காஞ்சிபுரம், ஆரணி, சூரத்து என்று பெயர் சொல்லி விற்கின்றனர். மகளின் திருமணத்துக்குக் கூறைச்சேலை எடுக்க நிற்கும் தாய் ஒருத்தியிடம், “இந்தச் சேலை வேண்டாம், நம் நாட்டுத் தறியை ஆதரியுங்கள்” என்று சொல்ல எனக்கு வாய் எழாது. மருதமுனையிலும் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலும் 1970களில் இரவு பகலாய் ஒலித்த தறிகள் 1977க்குப்பின் ஒவ்வொன்றாய் ஓய்ந்ததையும் நான் மறக்கமாட்டேன்.

அந்த எழுபதுகளைப் பற்றியே சற்றுப் பேசவேண்டும். சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் அரசாங்கம் இறக்குமதிகளை இறுக்கிப் பிடித்த காலம். பாணுக்கு வரிசை, துணிக்குப் பங்கீடு. கொழும்பிலிருந்த நாம் துன்பப்பட்டோம். அதே வேளை, செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வாராமையால் வடபகுதிக் கமக்காரர் நிமிர்ந்தனர். என் ஜம்பட்டா வீதி நண்பரின் தமையனார் அவ்வாறு விசுவமடுவுக்குச் சென்று மிளகாய் செய்தவர். ஒரு போகத்து வருமானத்தில் உழவு இயந்திரம் வாங்கினார். மறு போகத்தில் கல்வீடு கட்டத் தொடங்கினார். 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் வந்து கதவுகளை அகலத் திறந்தது. மிளகாய் வந்திறங்கிற்று. கல்வீடு கூரை ஏறாமல் நின்றது. தம்பியார் கொழும்புக்கு வந்து, தமையனை வீழ்த்திய அதே இந்திய மிளகாயை விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். தமையனின் பிள்ளைகளின் படிப்புச் செலவும் அந்தக் கடையிலிருந்தே சென்றது. நன்மையா தீமையா என்று கேட்ட மாணவர்களை அந்தக் கடைக்கு அழைத்துச் சென்றிருக்கவேண்டும். ஒரே வீட்டில் இரண்டு விடையும் இருந்தன.

இனி, இப்பத்தியைப் படிக்கும் நம்மனோர்க்கு நெருங்கிய பண்டத்துக்கு வருவோம். அது தாள், தாளில் அச்சிடும் எழுத்து.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நம் வீடுகளில் வார இதழ் என்றால் அது சென்னையிலிருந்து வந்ததே. ஆனந்தவிகடனும் கல்கியும் குமுதமும் கப்பலேறி வந்து, இங்கே ஒரு தலைமுறையை வாசிக்கப் பழக்கின. அந்த நன்றியை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவற்றில் இலங்கை எழுத்தாளனின் கதை ஒன்று வருவது வால்வெள்ளி தோன்றுவதற்கு ஒப்பான நிகழ்ச்சி. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டது. வாசகர் தவித்தனர். அந்தத் தவிப்பே இங்கே ஒரு சந்தையை உண்டாக்கிற்று. 1966இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்திற் தொடங்கிய ‘மல்லிகை’க்கும் ‘சிரித்திர’னுக்கும் புதிய வாசகர் கிடைத்தனர். கொட்டாஞ்சேனைக்கு அடுத்த கிராண்ட்பாஸில் இயங்கும் வீரகேசரி நிறுவனம் நாவல்களை வரிசையாக வெளியிடத் தொடங்கிற்று. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யும் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ம் அவ்வரிசையில் வந்தவையே. தண்ணிமுறிப்புக் காட்டையும் நெடுந்தீவுக் கடலையும் தமிழ் வாசகன் பேருந்து நிலையத்துக் கடையிற் காசு கொடுத்து வாங்கிப் படித்த காலம் அது. இத்தனைக்கும் அந்த வீரகேசரியை 1930இல் தோற்றுவித்தவர், தமிழ்நாட்டு ஆவணிப்பட்டியிலிருந்து வந்த சுப்பிரமணியஞ் செட்டியார். கதவு அடைத்திருந்தால் அவரே இங்கு வந்திருக்கமாட்டார்! வாசலைப் பற்றி எதைச் சொன்னாலும் உடனே அதற்கு மறுப்பும் எழுந்து நிற்கிறது.

1977க்குப் பின் சஞ்சிகைகள் மீண்டும் வந்து குவிந்தன. நம் பிரசுர வரிசை சில ஆண்டுகளில் தளர்ந்து நின்றது. மிளகாய்ச் செய்கைக்கும் நாவல் வெளியீட்டுக்கும் ஒரே ஆண்டில் வாழ்வும் ஒரே ஆண்டில் தாழ்வும் வந்ததை நம் இலக்கிய வரலாற்றாசிரியர் கூறக் கேட்டிருக்கிறேன். பொருளியல் ஆசிரியர் கூறக் கேட்டதில்லை. தடைக்காலத்தில் வெளிவந்தவை அனைத்தும் தரமானவை என்றும் நான் கூறவரவில்லை. போட்டி இல்லாமையால் அச்சேறிய குப்பையும் உண்டு. ஆனால் பத்துக் குப்பைகளுக்கு நடுவே ‘நிலக்கிளி’ போன்ற ஒன்று முளைக்க நிலம் வேண்டுமல்லவா?

வாழைச்சேனையில் 1950களில் வைக்கோலிலிருந்து தாள் செய்யும் தொழிற்சாலை எழுந்தது. நான் முதன்முதலில் எழுதிப் பழகிய அப்பியாசக் கொப்பியின் மங்கிய தாள் அங்கிருந்து வந்ததென்று என் ஆசிரியர் பெருமையுடன் கூறுவார். மலிந்த வெளிநாட்டுத் தாளும் போரும் நிருவாகச் சீர்கேடும் சேர்ந்து அத்தொழிற்சாலையை நலிவித்தன. 2022 மார்ச்சில், டொலர் இல்லாமையால் தாள் வாங்க வழியின்றி, மேல்மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டதை ஆசிரிய அன்பர் எவரும் மறந்திருக்கமாட்டார். அவ்வாண்டில் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்குக் கடனும் உதவியுமாய் நமக்குக் கைகொடுத்தது. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் வந்தன. எந்த உடன்படிக்கையின் எந்தப் பிரிவிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. வெங்காயத்தைத் தடுத்ததும் அதே அயலவர், அரிசியை அனுப்பியதும் அதே அயலவர் என்பதை இரு பக்கத்தாரும் ஞாபகத்தில் வைக்கவேண்டும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்பின் கூறுகிறேன். 1977இன் திறப்பைவிட 2000இன் உடன்படிக்கை நல்லது. முன்னது கதவைப் பிடுங்கி எறிந்தது. பின்னது எதை விடுவது, எதைக் காப்பது என்று பொருள் பொருளாய் எண்ணிப் பேசிற்று. விசுவமடு மிளகாய்க்காரனை 1977இல் எவரும் எண்ணவில்லை. 1998இல் பட்டியல் எழுதியவர் யாரோ ஒருவர் எண்ணியிருக்கிறார். அதன் குறை, நம்மிடம் விற்கப் பொருள் உண்டா என்று கேளாமலே விற்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டதில் உள்ளது. உரிமை கிடைத்தது, உற்பத்தி இல்லை; அந்த வெற்றிடத்தில் வனஸ்பதிக்காரர் வந்து உட்கார்ந்தனர். 2024 பெப்ரவரியில் தாய்லாந்தோடு கைச்சாத்தான உடன்படிக்கையைப் பற்றிய பேச்சுகளிலும், தீர்வை எவ்வளவு குறையும் என்பதே பெரிதாய்க் கேட்டது. மாத்தளை மிளகுக்காரனுக்குப் பதப்படுத்தும் நிலையம் எங்கே என்ற கேள்வியை நான் கேட்கவில்லை.

நம் புத்தகத்தின் நிலையும் அதுவே. அதனைத் தடுப்பது தீர்வை அன்று. வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலைக்குட் சென்று பாருங்கள். சென்னை நூல்கள் தட்டு நிறைய இருக்கும். நம்மவர் நூல்களும் உண்டு, அதற்கு அவர்களுக்கு நன்றி. சென்னைப் புத்தகக் கடையொன்றில் இங்கே அச்சான ஒரு நூலைத் தேடிப் பாருங்கள்! நம் எழுத்தாளர் அங்கே படிக்கப்படுவதில்லை என்பதன்று. அங்கே உள்ள பதிப்பகம் வெளியிட்டாற் படிக்கப்படுகின்றனர். அப்போது அந்நூல் இந்திய நூலாகி, நமக்கே இறக்குமதியாய்த் திரும்பி வருகிறது. நம் நூலகத்துக்கு நாமே டொலர் கொடுத்து வாங்குகிறோம். இங்கே ஐந்நூறு பிரதி அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் நூறும் நண்பருக்கு நூறும் கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் எழுத்தாளர் எத்தனைபேரை நான் அறிவேன்! சென்ற ஆண்டு கோயம்புத்தூர் அன்பர் ஒருவருக்குச் சிறுகதைத் தொகுதியொன்றை அனுப்பினேன். அனுப்புங் கூலி நூலின் விலையை மிஞ்சிற்று. ஈழத்து நூல்களை மொத்தமாய்ப் பெற்று அங்கே பரப்ப ஒரு நிலையம், இரு நாட்டு நூலகங்களும் மாறிமாறி வாங்க ஓர் ஏற்பாடு: இவை பெரிய இராச்சியக் காரியங்களல்ல. ஆனால் உடன்படிக்கைகளைப் பேசச் செல்லும் தூதுக்குழுவில் எக்காலத்திலேனும் ஒரு பதிப்பாளர் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

2024 மே மாதம் 4ஆந் திகதி இந்தியா வெங்காயத் தடையை நீக்கிற்று. சில வாரங்களின்பின் ஜம்பட்டா வீதிக்குச் சென்றேன். மூலையிற் சாக்குகள் மீண்டும் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் பக்கத்தில், வேறாக, சிறிய சாக்கு இரண்டு கிடந்தன.

“இதென்ன?” என்றேன்.

“அண்ணை அனுப்பினது, மாஸ்டர். திரும்பவும் விசுவமடுவிலை அரை ஏக்கர் மிளகாய் வைச்சிருக்கிறார். இந்த வயசிலை வேண்டாமெண்டு சொன்னாலும் கேக்கிறாரில்லை.”

“நல்ல மிளகாயா?”

ஒன்றை எடுத்து ஒடித்து என் மூக்கருகே நீட்டினார். காரம் கண்ணில் ஏறியது.

“இதுக்குக் கிட்ட வராது இந்திய மிளகாய். ஆனால் எனக்குக் கிழமைக்கு இருபது சாக்கு வேணும் மாஸ்டர். அண்ணையாலை இரண்டுதான் ஏலும்” என்றார். பிறகு அந்த இரண்டு சாக்கையும் முன்னால் இழுத்து வைத்து, விலை எழுதிய அட்டையைத் தேடலானார்.